விமானிகள் பேசும் மொழி

"கோயம்புத்தூர் டவர், விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, டவுன்விண்ட், ரன்வே டூ ட்ரீ, ஃபார் லேண்டிங்."

"விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, ரன்வே டூ ட்ரீ, கிளியர்டு டு லேண்ட், விண்ட் டூ ஃபோவர் ஜீரோ டிகிரீஸ், ஃபைஃப் நாட்ஸ்."

"ரன்வே டூ ட்ரீ, கிளியர்டு டு லேண்ட், விக்டர் டேங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி."

இது உதாரணத்திற்காக அமைத்துக்கொண்ட ஓர் உரையாடல். இருவர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறு விமானத்தின் விமானியும், நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவரும் வானொலியில் பேசிக்கொள்கிறார்கள். "இறங்க வருகிறேன்" என்கிறார் ஒருவர். "இறங்கலாம், காற்று 240 பாகைத் திசையிலிருந்து மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் வீசுகிறது" என்கிறார் மற்றவர். "இறங்கலாம் என்பதைக் கேட்டுக்கொண்டேன்" என்று முதலாமவர் முடிக்கிறார். அவ்வளவுதான் செய்தி.

ஆனால் பேசும் முறையைக் கவனியுங்கள். "த்ரீ" என்பது "ட்ரீ" ஆகியிருக்கிறது. "ஃபைவ்" என்பது "ஃபைஃப்" ஆகியிருக்கிறது. விமானத்தின் பெயரை இருவரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சொன்னதையே மீண்டும் சொல்கிறார்கள். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. ஆங்கிலம் நன்கு படித்த ஒருவர் முதன்முறையாக இதைக் கேட்டால் திகைத்துப்போவார். இது ஆங்கிலம்தானா என்று கேட்கவும் செய்வார்.

சொற்கள் ஆங்கிலச் சொற்கள்தாம். எனினும் இந்த மொழி எவருக்கும் தாய்மொழி அன்று. லண்டனில் பிறந்தவரும் சரி, மதுரையில் பிறந்தவரும் சரி, இதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் இம்மொழி உருவான கதையைப் பார்ப்போம். அதன் சில சொற்கள் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. சில சொற்களுக்கு மனித உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன.

கொடியும் விளக்கும்

ரைட் சகோதரர்கள் 1903-ல் முதன்முதலாகப் பறந்தபோது வானில் வேறு விமானம் இல்லை. எனவே எவரோடும் பேச வேண்டிய தேவையும் இல்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் விமானிகள் தரையைப் பார்த்துத்தான் வழி கண்டார்கள். ஆறு, இரயில் பாதை, நெடுஞ்சாலை ஆகியவையே அவர்களுக்கு வழிகாட்டிகள்.

இந்த முறையிலுள்ள ஆபத்து 1922 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்டது. லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பறந்துகொண்டிருந்த இரு விமானங்கள் வட பிரான்சில் மூடுபனியில் நேருக்கு நேர் மோதின. எதிரெதிர்த் திசையில் வந்த இரண்டும் ஒரே பாதையின் மேல் வந்தன. ஏழு பேர் மாண்டனர். பயணிகள் விமானங்கள் இரண்டு நடுவானில் மோதிய முதல் விபத்து இதுதான்.

நிலையத்திற்கு அருகே வரும் விமானங்களை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும் என்பது விரைவில் புரிந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 1929-ல் ஆர்ச்சி லீக் என்பவர் இப்பணியில் அமர்த்தப்பட்டார். அவரிடம் இருந்த கருவிகள் இரண்டே: கட்டம் போட்ட ஒரு கொடி, ஒரு சிவப்புக் கொடி. முதலாவது "போகலாம்", இரண்டாவது "நில்". கொடிகளையும் தம் நாற்காலியையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்து ஓடுபாதையின் ஓரத்திற்குத் தள்ளிக்கொண்டு போவார்.

நம் நாட்டிலும் அப்படித்தான். ஜே.ஆர்.டி. டாட்டா 1929-ல் இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்றவர். அவர் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையைச் சிறு விமானத்தில் கொண்டுவந்தபோது அதில் வானொலி இல்லை. பம்பாயிலிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வழியைக் கண்ணால் பார்த்தும், வானிலையை ஊகித்தும் அவர்கள் பறந்தார்கள்.

கொடி மறைந்து, அதன் இடத்தில் விளக்கு வந்தது. கோபுரத்திலிருந்து விமானத்தை நோக்கிக் காட்டும் ஒளி அது. அசையாத பச்சை என்றால் "இறங்கலாம்". அசையாத சிவப்பு என்றால் "வேறு விமானத்திற்கு வழி விட்டு வட்டமிடு". மின்னும் சிவப்பு என்றால் "நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே". இந்த ஒளிக்குறிகள் இன்றும் வழக்கில் உள்ளன. வானொலி பழுதாகிவிட்ட சிறு விமானத்திற்கு இன்றும் இவைதாம் துணை.

ஆனால் விளக்குக்கு ஒரு குறை உண்டு. அது கட்டளை மட்டுமே இடும். கேள்வி கேட்காது, விடையும் பெறாது. விமானி என்ன புரிந்துகொண்டார் என்று தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு இரு திசையிலும் செல்லும் குரல் வேண்டும்.

குரல் வானேறுகிறது

லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டன் நிலையத்தில் 1920-ல் கட்டுப்பாட்டுக் கோபுரம் அமைந்தது. அங்கிருந்து விமானிகளோடு வானொலியில் பேசத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நிலையக் கோபுரத்தில் 1930-ல் வானொலி பொருத்தப்பட்டது. ஆயினும் அக்கால வால்வு வானொலிகள் கனமானவை. விமானத்தின் பின்னே நீண்ட கம்பியை அலைவாங்கியாகத் தொங்கவிட்டுப் பறக்க வேண்டும். ஆகவே தனியார் பறக்கும் சிறு விமானங்கள் நெடுநாள் ஊமையாகவே பறந்தன. 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் வானொலி சிறுத்து, சிறு விமானத்திலும் எளிதாக இடம்பிடித்தது.

குரலுக்கு முன் வானொலியை ஆண்டது மோர்ஸ் குறி. புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும்போது நீண்ட வாக்கியம் வீண் வேலை. எனவே 'கியூ' எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்தார்கள். அவற்றுள் சில மோர்ஸ் மறைந்த பின்னும் பிழைத்திருக்கின்றன. 'கியூ என் எச்' என்று இன்றும் விமானிகள் கேட்கிறார்கள். கடல்மட்டத்திற்குக் கணக்கிட்ட காற்றழுத்தம் என்பது அதன் பொருள். அந்த எண்ணை உயரமானியில் அமைத்தால்தான் அது கடல்மட்டத்திலிருந்து விமானத்தின் உயரத்தைச் சரியாகக் காட்டும்.

ஆபத்தில் மோர்ஸ் குறியில் அனுப்பிய 'எஸ் ஓ எஸ்' குரலுக்குப் பொருந்தவில்லை. தொலைபேசியிலும் வானொலியிலும் 'எஸ்' என்ற எழுத்தைப் பிரித்துணர்வது கடினம். 1923-ல் கிராய்டன் நிலையத்தின் மூத்த வானொலி அதிகாரி ஃபிரடெரிக் மாக்ஃபோர்டிடம் மாற்றுச் சொல் ஒன்று கேட்கப்பட்டது. கிராய்டனிலிருந்து சென்ற விமானங்களில் பெரும்பாலானவை பாரிசு போவன. எனவே அவர் "எனக்கு உதவுங்கள்" என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் ஒலியைத் தழுவி "மே டே" என்ற சொல்லைத் தந்தார். 1927-ல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அதை மும்முறை சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருமுறை சொன்னால் அது வேறு பேச்சின் நடுவே வந்த சொல்லாகத் தோன்றலாம். மும்முறை சொன்னால் ஐயத்திற்கு இடமில்லை.

காது ஏமாறும் இடம்

'எஸ்' ஏன் கேட்பதில்லை? இங்கே இயற்பியல் நுழைகிறது.

மனிதக் குரல் பல அதிர்வெண்களின் கலவை. 'ஆ', 'ஈ' போன்ற உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அடங்கிவிடும். 'ஸ்' போன்ற உரசொலியின் ஆற்றலோ பெரும்பகுதி 4,000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளது. பழைய தொலைபேசி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. விமான வானொலியும் இத்தகைய குறுகிய வழியே. ஆகவே 'எஸ்', 'எஃப்' இரண்டையும் சொன்னால் முன்னுள்ள 'எ' மட்டும் கேட்கும். பின்னுள்ள உரசொலி வாசலிலேயே நின்றுவிடும். 'பி', 'டி', 'ஜி', 'வி' ஆகியவற்றிலும் 'ஈ' என்ற நீட்டம்தான் எஞ்சும். அதோடு எஞ்சினின் இரைச்சல் வேறு.

நமக்கும் இது தெரிந்ததே. தெளிவற்ற தொலைபேசியில் "ஐம்பதா, எண்பதா?" என்று எத்தனை முறை கேட்டிருப்போம்! பெயரின் முதலெழுத்தைச் சொல்லும்போது "பி ஃபார் பாம்பே" என்று நாமே ஓர் அகராதி செய்துகொள்கிறோம். விமானிகள் செய்ததும் அதுதான். ஆனால் உலகம் முழுவதற்கும் ஒன்றாகச் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப்போரில், 1941 முதல், அமெரிக்கப் படைகள் "ஏபிள், பேக்கர், சார்லி" என்று தொடங்கும் அகரவரிசையைப் பயன்படுத்தின. அது ஆங்கிலேயர் வாய்க்கு ஏற்றது. ஸ்பானிய, பிரெஞ்சு மொழியினருக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே 1947-ல் பன்னாட்டு பொது விமானப் போக்குவரத்து அமைப்பு பிறந்தது. அதன் வேண்டுகோளின்பேரில் மாண்ட்ரியால் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ழான் பால் வினே புதிய அகரவரிசையை ஆராய்ந்தார். ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் இயல்பாக வழங்குவதாக இருக்க வேண்டும். மோசமான வானொலியிலும் அடையாளம் தெரிய வேண்டும். பிற சொல்லோடு குழம்பக் கூடாது.

1951 நவம்பரில் அந்த வரிசை நடைமுறைக்கு வந்தது. ஆய்வறையில் தேறிய சில சொற்கள் வானத்தில் தோற்றன. குறிப்பாக ஐந்து எழுத்துகளுக்குரிய சொற்களை மாற்ற வேண்டியதாயிற்று. "நெக்டார்" போய் "நவம்பர்" வந்தது. "யூனியன்" போய் "யூனிஃபார்ம்" வந்தது. "எக்ஸ்ட்ரா" போய் "எக்ஸ்ரே" வந்தது. 1956 மார்ச் 1 முதல் நடைமுறையான "ஆல்ஃபா, பிராவோ, சார்லி" வரிசையே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

எண்களுக்கும் இதே கவனம். "ஃபைவ்", "நைன்" இரண்டிலும் நடுவிலுள்ள "ஐ" ஒலிதான் உரக்கக் கேட்கும். எனவே ஒன்று "ஃபைஃப்" ஆயிற்று, மற்றது "நைனர்" ஆயிற்று. "ஆம்" என்பதற்கு "அஃபர்மேட்டிவ்" என்ற நீண்ட சொல் இருந்தது. அதன் முற்பகுதி இரைச்சலில் விழுங்கப்பட்டால் எஞ்சும் "...ட்டிவ்" என்ற ஒலி, "இல்லை" எனப் பொருள்படும் "நெகட்டிவ்" என்பதன் முடிவும் ஆகும். ஆம் என்பது இல்லை என்றாகிவிடும்! எனவே பன்னாட்டு விதியில் அது "அஃபர்ம்" என்று குறுகியது.

"ரோஜர்" என்ற சொல்லைத் திரைப்படங்களில் கேட்டிருப்பீர்கள். 'ஆர்' என்ற எழுத்துக்குப் பழைய வரிசையில் இருந்த பெயர் அது. மோர்ஸில் 'ஆர்' என்று தட்டினால் "பெற்றுக்கொண்டேன்" என்று பொருள். 1956-க்குப் பின் 'ஆர்' எழுத்து "ரோமியோ" ஆகிவிட்டது. ஆயினும் "ரோஜர்" நிலைத்துவிட்டது. அதன் பொருள் "நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது" என்பது மட்டுமே. "சரி" என்றோ "செய்கிறேன்" என்றோ பொருள் இல்லை. "செய்கிறேன்" என்பதற்கு "வில்கோ" என்ற தனிச்சொல் உண்டு. கேட்டல் வேறு, ஒப்புதல் வேறு. இந்த வேறுபாட்டை வானில் எவரும் மறக்கக் கூடாது.

சிறு விமானியின் நான்கு கேள்விகள்

பொழுதுபோக்கிற்காகப் பறப்பவரும், பறக்கும் மன்றத்தில் கற்பவரும் இம்மொழியைக் கற்றாக வேண்டும். சென்னையில் 1929-லேயே பறக்கும் மன்றம் தோன்றிவிட்டது. விமானம் ஓட்டும் உரிமம் பெறுபவர் வானொலியில் பேசுவதற்கும் தனியாகத் தேர்வு எழுத வேண்டும். ஏனெனில் மாணவரின் சிறு விமானமும் முந்நூறு பேரைச் சுமந்து வரும் பெரிய விமானமும் ஒரே அலைவரிசையில்தான் கோபுரத்தோடு பேசுகின்றன.

முதல் அழைப்பில் நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும் என்று கற்பிப்பார்கள். யாரை அழைக்கிறேன்? நான் யார்? எங்கே இருக்கிறேன்? என்ன வேண்டும்? மேலே தந்த உரையாடலின் முதல் வரியை மீண்டும் பாருங்கள். நான்கும் அதே வரிசையில் இருக்கும். "டவுன்விண்ட்" என்பது இடத்தைச் சொல்கிறது. இறங்கும் முன் ஓடுபாதைக்கு இணையாக, காற்று வீசும் திசையிலேயே பறக்கும் பகுதி அது. "டூ ட்ரீ" என்பது ஓடுபாதையின் திசை. 230 பாகையின் கடைசிச் சுழியை நீக்கினால் 23.

குரல் எவ்வளவு தூரம் போகும்? இந்த வானொலி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் இயங்குகிறது. அவை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் பூமியின் வளைவு மறைக்கிறது. மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிடைப்பது கிலோமீட்டரில் எல்லை. 300 மீட்டர் உயரத்தில் பறக்கும் சிறு விமானத்திற்கு அது சுமார் 70 கிலோமீட்டர். 9,000 மீட்டரில் பறக்கும் பெரிய விமானத்திற்குச் சுமார் 390. எனவே தாழப் பறப்பவரின் அபயக்குரல் தரையை எட்டாதபோது, உயரே செல்லும் விமானத்தின் காதில் விழும். அவர் அதை வாங்கித் தரைக்குச் சொல்வார். ஒரே மொழி பேசுவதன் பயன் இதுவே.

மூன்றாவது வரியில் விமானி சொன்னதையே திருப்பிச் சொன்னார் அல்லவா? அது மரியாதைக்காக அன்று. 1948-ல் கிளாட் ஷானன் செய்திப் பரிமாற்றத்தின் கணிதக் கொள்கையை வெளியிட்டார். இரைச்சலுள்ள வழியில் பிழையைக் குறைக்க, தேவைக்கு மேற்பட்ட தகவலைத் திட்டமிட்டுச் சேர்க்க வேண்டும் என்பது அக்கொள்கை தரும் பாடங்களில் ஒன்று. திருப்பிச் சொல்வது அத்தகைய சேர்ப்பு. அதைக் கோபுரத்தில் உள்ளவர் காது கொடுத்துக் கேட்டு, பிழை இருந்தால் உடனே திருத்த வேண்டும். கேட்காவிட்டால் திருப்பிச் சொல்வதில் பயன் இல்லை.

மூன்று நொடி விம்மல்

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்கு உரிய தெனரீஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் நிலையம். அருகிலுள்ள தீவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பப்பட்டிருந்தன. மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு நிறுவனத்தின் போயிங் 747. அதே ஓடுபாதையில் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது அமெரிக்க போயிங் 747.

டச்சு விமானத்திற்குக் கோபுரம் தந்தது, மேலேறிய பின் செல்ல வேண்டிய வழிக்கான அனுமதி மட்டுமே. ஆனால் அந்த வாசகத்தில் "டேக்-ஆஃப்" என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்று முடித்தார். கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்று கோபுரம் பொருள் கொண்டது. கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவர் சொல்ல வந்தது. டச்சு மொழியின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தில் புகுந்ததால் நேர்ந்த மயக்கம் இது என்று மொழியறிஞர் சிலர் கருதுகின்றனர்.

கோபுரம் "ஓக்கே" என்றது. சற்று நிறுத்தி, "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றது. அதே நொடியில் அமெரிக்க விமானி, "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்றார். இரண்டு செய்திகளில் எந்த ஒன்று கேட்டிருந்தாலும் விபத்து நேர்ந்திராது. டச்சு விமானிகள் அறையில் தெளிவாகக் கேட்டது "ஓக்கே" மட்டுமே. பிறகு ஏறத்தாழ மூன்று நொடிக்கு ஒரு கீச்சொலி.

அந்த ஒலி எங்கிருந்து வந்தது? இரண்டு இசைக்கவைகளைச் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களில் ஒலிக்கவிட்டால் விம்மல் எழுவதைப் பள்ளியில் கற்றிருப்பீர்கள். விமான வானொலி வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்குகிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரு சுமப்பலைகள் கலக்கின்றன. 118 மெகாஹெர்ட்சில், பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு இருந்தாலும் அது 1,180 ஹெர்ட்ஸ். அது காதுக்குக் கேட்கும் சுருதி! அதுவே கீச்சொலியாகிப் பேச்சை மறைத்துவிடுகிறது. அதிர்வெண் பண்பேற்றமாக இருந்தால் வலிய குரல் மட்டும் கேட்டு, மெலிந்த குரல் சுவடின்றி மறைந்துபோகும். கீச்சொலியாவது, இன்னொருவரும் பேசினார் என்று எச்சரிக்கிறது. அன்று அந்த எச்சரிக்கையை உணர நேரம் இல்லை. 583 பேர் மாண்டனர்.

அதன்பின் விதி மாறியது. "டேக்-ஆஃப்" என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் "டிபார்ச்சர்" என்ற வேறு சொல். "ஓக்கே" என்று தளர்வாக விடை சொல்வதற்கு இடமில்லை. முக்கிய அனுமதிகளை முழுவதும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் தெரிந்தால் போதுமா?

தெனரீஃபில் பேசியவர்களுள் டச்சுக்காரரும் ஸ்பானியரும் இருந்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாததே காரணம் என்று நினைக்கத் தோன்றும். இன்னொரு விபத்தைப் பாருங்கள். 1989 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கச் சரக்கு விமானம் ஒன்று கோலாலம்பூரில் இறங்க வந்தது. "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றது தரை. 2,400 அடிக்கு இறங்கு என்பது அதன் பொருள். "டூ" என்ற எண்ணை "க்கு" எனப் பொருள்படும் "டு" என்று விமானிகள் கேட்டுவிட்டார்கள். நானூறு அடி என்று எண்ணி இறங்கினார்கள். அதையே திருப்பியும் சொன்னார்கள், எவரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நால்வரும் மாண்டனர். விமானிகளின் நாட்டு மொழி ஆங்கிலமே. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் "டு" என்ற சொல் அவர்கள் காதில் அவ்வளவு இயல்பாக ஒலித்தது எனலாம். பன்னாட்டு விதிப்படி இத்தகைய உயரத்தை "டூ தௌஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று ஆயிரம், நூறு, அடி ஆகிய சொற்களோடு சொல்ல வேண்டும்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த போயிங் 707, மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்திற்கு மேல் வானில் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும், முன்னுரிமை வேண்டும் என்றும் துணை விமானி சொன்னார். "எமர்ஜென்சி" என்றோ "மே டே" என்றோ சொல்லவில்லை. முன்னுரிமை என்ற சொல்லின் அவசரம் தரையில் உணரப்படவில்லை. விமானம் எரிபொருள் இன்றி லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். பின்னர் 2012-ல் "மினிமம் ஃப்யூயல்", "மே டே ஃப்யூயல்" என்ற இரு தொடர்களுக்கும் பன்னாட்டு அளவில் திட்டவட்டமான பொருள் வகுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் 1996 நவம்பர் 12 அன்று டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவுதி விமானமும் கசாக் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்டனர். கசாக் விமானத்திற்கு 15,000 அடியும், சவுதி விமானத்திற்கு 14,000 அடியும் தரப்பட்டிருந்தன. கசாக் விமானம் தனக்குரிய உயரத்தை விட்டு இறங்கிவிட்டது. அதன் விமானிகளின் ஆங்கில அறிவு போதாமையும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது.

ஆகவே வகுத்த தொடர்கள் மட்டும் போதா. எதிர்பாராதது நேரும்போது சொந்தமாகச் சொல்லத் தெரிய வேண்டும் என்ற முடிவு பிறந்தது. ஆறு படிகள் கொண்ட மொழித்திறன் அளவுகோலில் பன்னாட்டு அளவில் பறக்கும் விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் நான்காம் படியையாவது எட்ட வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தயாராகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் தரப்பட்டது. அந்த அளவுகோலில் உச்சரிப்பு ஆங்கிலேயரைப் போல இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிறருக்குப் புரிய வேண்டும் என்பதே நிபந்தனை.

ஆங்கிலம்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சிறு விமானிகள் பலர் பிரெஞ்சு மொழியினர். வானொலியில் பிரெஞ்சை அனுமதிப்பதை எதிர்த்து 1976 ஜூனில் விமானிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆராய்ந்த விசாரணைக் குழு, இரு மொழிகளையும் பயன்படுத்தினால் பாதுகாப்பு குறையாது என்று 1979-ல் கூறியது. பன்னாட்டு விதியும் தரை நிலையத்தின் வழக்குமொழிக்கு இடம் தருகிறது. கேட்கும் எவருக்கும் ஆங்கிலம் கிடைக்க வேண்டும் என்பதே கட்டாயம்.

ஒரு சோதனை

வாசகர்களே, இம்மொழியின் தேவையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த பத்துக் குறிகளைத் தாறுமாறாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, மூடிய கதவுக்கு அப்பால் நிற்கும் நண்பருக்கு அவற்றை ஒருமுறை மட்டும் வாசியுங்கள். அவர் எழுதியதில் பிழைகளை எண்ணுங்கள். அடுத்து வேறு பத்துக் குறிகளை "ஆல்ஃபா, பிராவோ" முறையில் வாசியுங்கள். மூன்றாவது முறை, நண்பர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல, நீங்கள் திருத்துங்கள். மூன்று எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டால் இக்கட்டுரை சொன்னது முழுவதும் உங்கள் தாளிலேயே இருக்கும்.

தமிழ் வழியில் படிக்கும் மாணவர் சிலர், "விமானியாக வேண்டுமானால் சரளமான ஆங்கிலம் வேண்டுமே" என்று ஆசையை அடக்கிக்கொள்வதுண்டு. நான்காம் படியளவு ஆங்கிலத்தை உழைத்துப் பெற வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் வானில் பேசும் மொழியின் மையம் சில நூறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். அதைக் கற்கத் தொடங்கும் நாளில் ஆங்கிலேயரும் நீங்களும் ஒரே வகுப்பில்தான் அமர்கிறீர்கள். அவருக்குத் தம் பழைய வழக்கை மறக்கும் வேலை ஒன்று கூடுதலாகவும் இருக்கும்.